சீருக்கு முன் ஒரு ஜெபம்

கல்யாண வீட்டில் எல்லாரும் தேடுகிற ஆள் ஒருத்தி எப்போதும் இருப்பாள். எல்லாரும் தேடுவார்கள், யாரும் அவளோடு உட்கார்ந்து பேச மாட்டார்கள். "அகல்யா, தாம்பூலப் பை எங்க?" "அகல்யா, பால்காரருக்குச் சொன்னயா?" "அகல்யா, மேல் ரூம்பு சாவி யாருகிட்ட இருக்குது?" இந்த வாரம் முழுக்க நம் அகல்யாவின் பிழைப்பு இப்படித்தான் ஓடியது.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் ஒரு வாய் காப்பி குடித்துவிட்டு வாருங்கள்.

அகல்யாவுக்கு நாற்பதை நெருங்குகிற வயது. திருச்செங்கோட்டில் மூன்று படுக்கையறை வைத்துக் கட்டிய வீடு, கழுவிக் கவிழ்ப்பது ஒரே ஒரு தட்டு. கணவன் குமரகுரு ரிக் வண்டி வைத்திருக்கிறான். போர்வெல் போட சத்தீஸ்கர், மத்தியப் பிரதேசம் என்று போனால் மாதக்கணக்கில் திரும்ப மாட்டான். வெகுகாலம் கழித்து வந்த ஒரே கர்ப்பமும் எட்டாம் மாதத்தில் போய்விட்டது. அன்று சேலத்து ஆஸ்பத்திரியில் சொந்தபந்தமெல்லாம் ஆறுதல் சொல்லிவிட்டுப் பஸ் பிடிக்கக் கிளம்பிய பிறகு, நர்ஸ் சௌந்தர்யா மட்டும் வேலை நேரம் முடிந்தும் போகாமல் கட்டிலருகே உட்கார்ந்து, இவள் கையைப் பிடித்துக்கொண்டு ஜெபம் செய்தாள். அந்த ஜெபம் அகல்யாவைச் சங்ககிரி சாலையில் உள்ள ஒரு சின்ன ஜெப வீடுவரை கூட்டிக்கொண்டு போய்விட்டது. இன்னும் ஞானஸ்நானம் எடுக்கவில்லை. தம்பி கல்யாணம் முடியட்டும் என்று தள்ளிப் போட்டுக்கொண்டே வருகிறாள்.

தம்பி சபரிநாதனுக்கு முப்பத்தாறு வயது. எலச்சிபாளையம் பக்கம் கோழிப்பண்ணை. பெண் தேடி அலைந்த அலைச்சலை நான் சொல்ல வேண்டியதில்லை, நம் பக்கத்தில் வீட்டுக்கு ஒரு பையன் அப்படி இருக்கிறான். கடைசியில் ஆத்தூரிலிருந்து கிருத்திகா அமைந்தாள். நாளைக் காலை முகூர்த்தம். இன்று சாயங்காலம் இணைச்சீர்.

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. கொங்கு நாட்டுக் கல்யாணத்தில் தாலிக்கு முன்னால் மாப்பிள்ளையோடு அவன் உடன்பிறந்தவள் மேடையில் இணையாக உட்கார்ந்து செய்கிற சீர் இது. கூறைச்சேலையின் ஒரு முனை அவளிடம், மறு முனை அவனிடம் இருக்கும். கல்யாணம் ஆனாலும் நான் உனக்கு, நீ எனக்கு என்று ஊர் பார்க்கச் சொல்லிக்கொள்வதுதான் அதன் அர்த்தம். சீர் செய்கிறவள் பிள்ளையாரைக் கும்பிட்டு, நெற்றியில் திருநீறு வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். நம் கதையின் சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

அது போதாதென்று, ஜெப வீட்டில் அகல்யா எழுந்து நின்று, தன் அழுகையைக் கடவுள் கேட்ட கதையைச் சொன்ன சாட்சியை அங்கிருந்த யாரோ யூட்யூபில் ஏற்றிவிட்டார்கள். அதைச் சின்னாயி சித்தியின் மருமகள் போனில் கொண்டுவந்து அம்மா கந்தம்மாளிடம் காட்டியதோடு போன வாரம் நிறுத்தியிருந்தோம்.

*

கல்யாண மண்டபத்துச் சமையல்கட்டுக்குப் பின்னால் பாத்திரங்கள் போட்டு வைக்கிற அறை. காலையிலேயே கந்தம்மாள் மகளை அங்கே இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள்.

"தலைக்குத் தண்ணி வாத்துக்கிட்டியா?"

"ஆச்சுங்மா."

"அப்பறம் நெத்தி ஏன் இப்படிக் காலியா இருக்குது?"

அகல்யா அண்டாவின் விளிம்பைத் தடவிக்கொண்டு நின்றாள்.

"இங்க பாரு அம்மிணி. உன்ற சாமி யாரு, எந்த ஊருன்னு நான் கேக்கல. உன்ற ஊட்டுல கதவச் சாத்திக்கிட்டு என்ன வேணாலும் கும்புட்டுக்கோ. இன்னைக்கு ஒரு பொழுது மட்டும் நெத்தியில நீறு வெச்சுக்கிட்டு மேடையில உக்காந்துரு. பொண்ணூட்டுக்காரங்க ஒருத்தருக்குத் தெரிஞ்சாலும் போச்சு. அக்கா வேதத்துக்குப் போயிட்டா, நாளைக்குத் தம்பியும் போவான்னு சொல்லி, வந்த வண்டியைத் திருப்பிக்கிட்டுப் போயிருவாங்க. அந்தப் பையனுக்கு மறுபடியும் பொண்ணு தேட வயசு இருக்குதா?"

"நான் யாருக்குங்மா கெடுதல் பண்ணினேன்?"

"நீ பண்ணல. ஊரு பண்ணும்."

கந்தம்மாள் அதோடு விட்டிருக்கலாம். ஆனால் ஒரு வாரமாக நெஞ்சில் கிடந்ததை அவளால் அடக்க முடியவில்லை.

"உனக்கு அத்தன வேதன இருந்துதுன்னா எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல? பெத்தவ நானு உசுரோட இருக்கேன். ஊரு பேரு தெரியாத நர்ஸுகிட்டப் போயி அழுவோணுமா? அதைய போனுல ஊரே பாக்குது."

"நீங்க அன்னைக்கு மாடு கறக்கோணும்னு பஸ்ஸுக்குப் போயிட்டீங்கமா."

அகல்யா குற்றமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள். கந்தம்மாள் முகம் சுருங்கிப் போயிற்று.

"மாட்டைக் கறக்காம உட முடியுமா?" என்று கேட்டாள். குரல் பாதியாகிவிட்டது. பிறகு கதவைத் திறந்து, வெளியே யாரையோ அதிகாரமாகக் கூப்பிட்டுக்கொண்டு போய்விட்டாள்.

அம்மாவும் பாவம்தான். இத்தனை வருஷம் அந்த மாடுகளை நம்பித்தான் அந்த வீடு நின்றது. அது அகல்யாவுக்கும் தெரியும். தெரிவதால் வலி குறைந்துவிடுமா என்ன?

*

பதினொரு மணி வாக்கில் குமரகுருவிடமிருந்து போன் வந்தது. பின்னால் கம்ப்ரசர் சத்தம்.

"அகலு, குழியில துளை போடற பிட்டு மாட்டிக்கிச்சு. எடுக்காம வண்டியை நகத்த முடியாது. எப்படியும் ராத்திரி பிளைட்டைப் புடிச்சு முகூர்த்தத்துக்கு வந்துருவேன்."

"சீருக்கு வர மாட்டீங்களா?"

"சீருல எனக்கு என்ன வேலை? நீதான உக்காரப் போற."

"அதைப் பத்தித்தாங்க உங்ககிட்டக் கேக்கலாம்னு..."

"உனக்கு எது நிம்மதியோ அதைச் செய்யி. நான் என்னைக்கு வேண்டாம்னு சொல்லியிருக்கேன்?"

நல்ல மனுஷன்தான். ஆனால் 'உனக்கு எது நிம்மதியோ' என்பதை அவன் எப்போதும் போனை வைப்பதற்கு முன்னால்தான் சொல்வான்.

அகல்யா மொட்டை மாடிக்கு ஏறினாள். துணி காயப் போட்டிருந்த கொடிகளுக்கு நடுவே நின்று சௌந்தர்யாவைக் கூப்பிட்டாள். கூப்பிடவே கூச்சமாக இருந்தது. கல்யாணப் பத்திரிகையைச் சௌந்தர்யாவுக்குப் போட்டோ பிடித்து வாட்ஸ்அப்பில்தான் அனுப்பியிருந்தாள். நம் ஊரில் நேரில் போய் வெற்றிலை பாக்கோடு கொடுத்தால்தான் அழைப்பு. போட்டோ மட்டும் அனுப்பினால் விஷயம் தெரிந்துகொள், வந்துவிடாதே என்று அர்த்தம். சௌந்தர்யா சேலத்துக்காரிதான், அவளுக்கும் அது தெரியும். பூங்கொத்துப் படம் ஒன்றைத் திருப்பி அனுப்பினாள், வருகிறேன் என்று எழுதவில்லை.

"சொல்லுங்கக்கா. கல்யாண வேலை எல்லாம் நல்லா நடக்குதா?"

"நடக்குது சௌந்தர்யா. உன்னைய நேருல வந்து கூப்புடல. மனசுல வெச்சுக்காத."

"அட, அதை விடுங்கக்கா. எனக்கு நாளைக்கு டூட்டி வேற."

டூட்டி இல்லை என்று இருவருக்கும் தெரியும். அகல்யாவுக்கு வெட்கமாக இருந்தது. தன் கையைப் பிடித்தவளைத் தன் வாசலுக்குக் கூப்பிடத் துணிச்சல் இல்லாத விசுவாசம் என்ன விசுவாசம் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

"பாஸ்டர் என்ன சொன்னாரு, சீரைப் பத்தி?" என்று சௌந்தர்யா கேட்டாள்.

"விக்கிரகத்து முன்னால நடக்கற காரியம், யோசிச்சு முடிவு பண்ணுங்கன்னாரு. நீ என்ன சொல்ற?"

"தெரியலக்கா. எனக்குக் கூடப் பொறந்தவங்க யாரும் இல்ல. இருந்திருந்தா என்ன பண்ணியிருப்பேன்னு எனக்கே தெரியல."

அகல்யாவுக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. ஆனாலும் போனை வைத்த பிறகு மாடியில் முன்னைவிடத் தனியாக இருந்தது.

ஜெப வீட்டிலும் அவள் தனிதான். அதை இதுவரை நான் உங்களுக்குச் சொன்னதில்லை. அங்கே எல்லாரும் பாயில் நெருக்கியடித்து உட்காருவார்கள். இவள் நுழைந்ததும் யாராவது ஓடிப்போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து சுவரோரம் போடுவார்கள். "உக்காருங்கம்மா, உக்காருங்க." பாயில் உட்காருகிறேன் என்று இவள் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்துவிட்டாள். இந்த ஊரில் யார் பாயில், யார் நாற்காலியில் என்பது எல்லாருக்கும் பிறந்ததிலிருந்தே தெரியும், ஆண்டவரே வந்து சொன்னாலும் அது மாறக் கொஞ்ச நாள் பிடிக்கும். பாட்டுப் பாடும்போது அந்தப் பாயில் இருப்பவர்கள் தோளோடு தோள் உரச அசைவதைப் பார்த்துக்கொண்டே இவள் நாற்காலியில் நேராக உட்கார்ந்திருப்பாள்.

வீட்டில் மறைக்க வேண்டும், அங்கே மரியாதை வாங்கிக்கொள்ள வேண்டும். இரண்டுக்கும் நடுவில் அவள் பேசுவதற்கு இருந்தது கடவுள் மட்டும்தான். அவரும் பதில் சொல்ல நாள் எடுத்துக்கொள்கிறவர்.

*

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மாப்பிள்ளையே அவளைத் தேடிக்கொண்டு மாடிக்கு வந்தான். கையில் இரண்டு டம்ளர் மோர். கல்யாணக் களையில் சபரிநாதன் இரண்டு வயது குறைந்து தெரிந்தான். முடிக்கு அடித்திருந்த சாயம் காதோரம் லேசாக ஒட்டியிருந்ததை அகல்யா முந்தானையால் துடைத்துவிட்டாள்.

"நீ சோறு உண்டயா?"

"உண்டேன் சாமி." தம்பியை அவள் செல்லமாகச் சாமி என்றுதான் கூப்பிடுவாள்.

"பொய் சொல்லாத. பந்தியில உன்னைய நான் பாக்கவே இல்ல. இதையாச்சும் குடி."

அவள் குடித்து முடிக்கும்வரை நின்றான். பிறகு சாதாரணமாகச் சொன்னான். "அந்த வீடியோவ நான் அப்பவே பாத்துட்டேன்."

அகல்யா காலி டம்ளரைக் கைப்பிடிச் சுவரில் வைத்தாள்.

"எப்ப?"

"போட்ட அன்னைக்கே. பண்ணையில உக்காந்து பாத்தேன். நீ அழுதத நான் அதுக்கு முன்னால பாத்ததே இல்லக்கா. ஆஸ்பத்திரியிலகூட அழுவல நீ. திடமா இருக்கறா அக்கான்னு நினைச்சுட்டு, மாத்திரை வாங்கிக் குடுத்துட்டு வந்துட்டேன்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்கு இதற்கு மேல் பேச வராது என்று அவளுக்குத் தெரியும்.

"சீரு விஷயத்துல அம்மா சொல்றதக் கேட்டு பயந்துக்காத. பங்காளி ஊட்டுல யாராச்சும் ஒரு தங்கச்சியை உக்கார வெச்சுக்கலாம்னு பெரியவங்க சொன்னாங்க. வேண்டாம்னுட்டேன். நீ இருந்தாத்தான் எனக்குச் சீரு. நீ என்ன கும்புடறயோ கும்புடு. என்ற பக்கத்துல உக்காரு, அது போதும்."

காலையிலிருந்து அகல்யாவிடம் ஒருத்தர்கூட இப்படிச் சொல்லவில்லை.

"உனக்கு நல்ல பொண்ணு அமையோணும்னு தெனமும் ஜெபம் பண்ணினேன் சாமி. ரெண்டு வருஷமா."

"அதான் அமைஞ்சுருச்சே." அவன் முகம் மலர்ந்தது. "போன்ல பேசுனா 'சரி'ங்கறா, 'உம்'ங்கறா, அவ்வளவுதான். வெக்கம். நாஞ் சொல்றேன் பாரு, ஊட்டுக்கு வந்ததும் உங்கிட்டத்தான் ஒட்டிக்குவா. உனக்கும் ஒரு தொணை ஆச்சு."

அவன் படியிறங்கிப் போனபோது ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு போனான். சபரிநாதன் பாடி அகல்யா கேட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது. சீரில் உட்காருவது என்று அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டாள். பாஸ்டரிடம் பிறகு பேசிக்கொள்ளலாம், கடவுளிடம் எப்படியும் தினமும் பேசத்தான் போகிறாள்.

*

பொழுது சாயும் நேரத்தில் ஆத்தூரிலிருந்து பெண் வீட்டார் வந்து இறங்கினார்கள். ஆரத்தி, சந்தனம், பன்னீர் எல்லாம் ஆயிற்று. கிருத்திகாவின் அப்பா சவ்வரிசி ஆலை வைத்திருப்பவர், கனத்த ஆள், கண் எப்போதும் மகள் மேலேயே இருந்தது. கிருத்திகா சேலத்தில் ஒரு கண் மருத்துவமனையில் பார்வை பரிசோதிக்கிற வேலையில் இருக்கிறாள். ஒல்லியான பெண். குனிந்த தலை நிமிரவில்லை.

சீருக்கு ஆயத்தம் நடந்துகொண்டிருந்தபோது சின்னாயி சித்தி வந்து அகல்யாவின் காதில் சொன்னாள். "அந்தப் புள்ள உன்னையக் கூப்புடுது. தனியா வரச் சொல்லுது. உன்ற வீடியோவப் பாத்துட்டாளோ என்னமோ, ஆராய்ச்சி பண்ணாம போயிட்டு வா."

சித்தியின் குரலில் பயமும் இருந்தது, வேடிக்கை பார்க்கிற ஆசையும் கொஞ்சம் இருந்தது.

மணமகள் அறைக்குப் போகிற நடை முழுக்க அகல்யா மனத்துக்குள் ஒரே வார்த்தையைத்தான் சொன்னாள். 'ஆண்டவரே, என்னால எந்தம்பி கல்யாணம் நின்னுறக் கூடாது. என்னால வேண்டாம்.'

கிருத்திகா தோழிகளை வெளியே அனுப்பிவிட்டு உள்தாழ்ப்பாள் போட்டாள். கண்ணாடிக்கு முன்னால் பூக்கூடைகள், ஊசிகள், பாதி குடித்த ஜூஸ்.

"அண்ணி, உங்க சாட்சியை நான் பார்த்தேன்."

அகல்யா தயாராக இருந்தாள். "எந்தம்பிக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல கண்ணு. அவன் கோயிலுக்குப் போறவன். நான் ஒருத்திதான்..."

"ஐயோ, அதுக்காக இல்ல அண்ணி." கிருத்திகா அவசரமாகக் குறுக்கிட்டாள். "வீட்ல யாருக்கும் சொல்லல. நான் அதை நிறைய தடவை பார்த்தேன். ஹாஸ்டல்ல போர்வைக்குள்ள ஹெட்போன் போட்டுக்கிட்டு. நான் அழுதத யாரும் கேக்கல, ஒருத்தர் கேட்டாருன்னு சொன்னீங்க இல்ல? நான் அழறதையும் அவர் கேப்பாரா?"

இங்கே ஒரு நிமிஷம் நில்லுங்கள். இரண்டு வருஷமாக அகல்யா தனக்குக் கிடைத்ததை யாரிடமாவது சொல்லத் தவித்தாள். வீட்டு வேலைக்கு வரும் அம்மாவிடம் சொன்னாள், அந்த அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு மறுநாள் லீவு கேட்டாள். கணவனிடம் சொன்னாள், டவர் சரியில்லை என்றான். முன்னூறு சொச்சம் பேர் பார்த்த அந்த வீடியோவுக்குக் கீழே வந்த பதில்களில் பாதி ஆமென், மீதி வசவு. முதல் முறையாக ஒரு உயிர் அவள் எதிரில் நின்று கேட்கிறது.

"கேப்பாரு கண்ணு," என்றாள். சந்தோஷத்தில் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப எனக்காக ஒரு ஜெபம் பண்ணுங்க அண்ணி. இந்தக் கல்யாணம் நின்னு போகணும்னு."

வெளியே நாதஸ்வரக்காரர் சுருதி பார்த்துக்கொண்டிருந்தார்.

கிருத்திகா படபடவென்று சொல்லி முடித்தாள். கூட வேலை செய்கிற ஜீவா. நான்கு வருஷம். வேற சாதி ஆளுங்க. தெரிந்த அன்று அப்பா பூச்சிமருந்து பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டு நடு வீட்டில் உட்கார்ந்துவிட்டார். அன்றிலிருந்து அவர் சொன்னதற்கெல்லாம் இவள் சரி என்று சொல்லிக்கொண்டு வருகிறாள்.

"உங்க தம்பி நல்லவர் அண்ணி. போன்ல பேசும்போதே தெரியுது. அதான் இன்னும் கஷ்டமா இருக்கு. என்னால அப்பாகிட்டச் சொல்ல முடியாது, அவர்கிட்டச் சொல்ல முடியாது. நீங்க உங்க கடவுள்கிட்ட மட்டும் சொல்லுங்க."

கட்டில் விளிம்பில் அகல்யா உட்கார்ந்தாள். எந்தப் பெண்ணுக்காக இரண்டு வருஷம் முழங்காலில் நின்றாளோ அந்தப் பெண்ணே வந்து அதே கடவுளிடம் நேர்மாறாகக் கேட்கச் சொல்கிறாள். கோபம்கூட வந்தது. என் தம்பிக்கு என்னடி குறைச்சல் என்று கேட்க நாக்கு துடித்தது. ஆனால் அந்தப் பெண்ணின் கை பனிக்கட்டியாக இருந்தது. அப்படி ஒரு கையோடு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தவள் அகல்யா. அந்தக் கையை உதற அவளுக்கு மனம் வரவில்லை.

கண்ணை மூடினாள். "ஆண்டவரே," என்று தொடங்கினாள். "இந்தப் புள்ள தனியா இருக்குது. நீங்க கூட இருங்க. இவள யாரும் பயமுறுத்தாம பாத்துக்கங்க. என்ற தம்பியையும்..."

அதற்கு மேல் வரவில்லை. தம்பியை என்ன செய்யச் சொல்வது? அவனுக்குக் கொடுங்கள் என்று கேட்டால் இந்தப் பெண்ணுக்குத் துரோகம். எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டால் அவனுக்குத் துரோகம். சொன்ன மட்டில் ஆமென் என்று நிறுத்திக்கொண்டாள்.

"கிருத்திகா, நான் எந்தம்பிகிட்ட இதைச் சொல்லட்டுமா?"

கிருத்திகாவின் கண் விரிந்தது. வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சொல்லுங்கள் என்றும் சொல்லவில்லை. வெளியிலிருந்து சின்னாயி சித்தி கதவைத் தட்டினாள்.

"அகல்யா, சீருக்கு நேரமாச்சு. எல்லாரும் உனக்குத்தான் காத்துக்கிட்டு இருக்கறாங்க."

*

மேடையில் சபரிநாதன் வேட்டி, தலைப்பாகையோடு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் அவளுக்கான இடம் காலியாக இருந்தது. அகல்யா போய் உட்கார்ந்தாள். சீரை நடத்தி வைக்கிற அருமைக்காரர் செங்கோட்டையன் கூறைச்சேலையை விரித்து ஒரு முனையை அவள் கையிலும் மறு முனையைத் தம்பி கையிலும் கொடுத்தார். கீழே முதல் வரிசையில் கந்தம்மாள், கண் இமைக்காமல் மகள் நெற்றியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இரண்டு நாற்காலி தள்ளிப் பெண்ணின் அப்பா இருந்தார்.

செங்கோட்டையன் திருநீற்றுத் தட்டை எடுத்தார். மாப்பிள்ளை நெற்றியில் பூசினார். அடுத்து விரலைத் தொட்டுக்கொண்டு அகல்யா பக்கம் திரும்பினார்.

"பெரியப்பா, அக்காளுக்கு நெத்தியில அலர்ஜிங்க," என்றான் சபரிநாதன். வெகு இயல்பாகச் சொன்னான். "டாக்டர் ஒரு மாசத்துக்கு எதையும் வைக்க வேண்டாம்னு சொல்லிட்டாருங்க. அதையும் எனக்கே வெச்சுருங்க."

பெரியவர் ஒரு கணம் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே அவன் நெற்றியில் இன்னொரு முறை பூசினார். கூட்டத்தில் யாரும் எதையும் கவனிக்கவில்லை. கந்தம்மாள் மட்டும் மூச்சை வெளியே விட்டாள்.

நாளை தாலி கட்டப் போகிறவன், ஊர் முன்னால், அக்காளுக்காகப் பொய் சொல்கிறான். அகல்யாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இவனிடம் எதை மறைத்துக்கொண்டு இந்தச் சேலையைப் பிடித்திருப்பது?

"உள்ள கூப்புட்டாளாமே," என்று அவன் உதடு அசையாமல் கேட்டான். "என்னக்கா சொன்னா?"

ஜெபம் மட்டும் பண்ணுங்கள் என்றாள் அந்தப் பெண். கதவைச் சாத்திக்கொண்டு கும்பிட்டுக்கொள் என்றாள் அம்மா. எல்லாருக்கும் கடவுளிடம் மட்டும் சொன்னால் போதும், மனிதர்களிடம் சொல்லத்தான் பயம். கடவுளே இறங்கி வந்து இந்த மண்டபத்து மைக்கைப் பிடிக்கப் போகிறாரா? வாய் கொடுத்திருப்பது யாருக்கு?

"சாமி, சீரு முடிஞ்சதும் மாடிக்கு வா. தனியா வா. உங்கிட்ட ஒண்ணு சொல்லோணும்."

"ஜெபம் பண்ணப் போறயா?" அவன் கேலியாகத்தான் கேட்டான்.

"பண்ணியாச்சு. இனி நாந்தான் பேசோணும்."

அவள் குரலில் இருந்ததை அவன் கேட்டுவிட்டான். திரும்பி அவளைப் பார்க்கவில்லை. போட்டோக்காரர், "மாப்ள, அக்கா, ரெண்டு பேரும் இங்க பாருங்க," என்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார். அவன் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு, சிரித்த முகம் மாறாமல், அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில் கேட்டான்.

"அவளுக்கு என்னையப் புடிக்கலையாக்கா?"

பொய் சொல்ல அது நல்ல நேரம்தான். யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அகல்யா ஒரு முறை கண்ணை மூடித் திறந்தாள்.

"உன்னையப் புடிக்காம இல்ல சாமி. வேற ஒரு பையன் இருக்கறான். அப்பனுக்குப் பயந்துக்கிட்டு வந்து உக்காந்துருக்கறா."

வெளிச்சம் பளிச்சென்று அடித்தது. இன்னொரு முறை அடித்தது. சேலையின் மறு முனையில் அவன் பிடி தளர்வதை அவளால் உணர முடிந்தது. பெண்ணின் அப்பா மேடையைப் பார்த்து நிறைவாகத் தலையசைத்தார். கந்தம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்திலிருந்தவளிடம் பெருமையாக ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

"சிரி அக்கா," என்றான் சபரிநாதன். "போட்டோ எடுக்கறாங்க."

அகல்யாவுக்குச் சிரிப்பும் வரவில்லை, ஜெபமும் வரவில்லை. சேலைக்கு அடியில் கையை நீட்டித் தம்பியின் விரல்களைப் பிடித்துக்கொண்டாள். செங்கோட்டையன் அடுத்த சீருக்கு இருவரையும் எழுந்து நிற்கச் சொன்னார்.